சுண்ணக்கோடும் முத்தும்

நம் வீட்டு வாயில்களில் இருவகைக் கோலங்கள் உண்டு. நாள்தோறும் விடியற்காலையில் நீர் தெளித்த தரையில் இடும் பொடிக்கோலம் ஒன்று. விழா நாளிலும் மணநாளிலும் பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, அக்குழம்பைத் துணியில் தோய்த்து, விரல் வழியே ஒழுகவிட்டு இடும் மாக்கோலம் மற்றொன்று. பொடிக்கோலத்தின் ஆயுள் பால்காரர் மிதிவண்டி வாயிலுக்கு வரும் வரையில்தான். தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊரில் காற்று எழுந்துவிட்டால் அதுகூட இல்லை. மாக்கோலமோ, மணமக்கள் அமரும் மணைப்பலகையில் இட்டுவிட்டால், பந்தல் பிரித்துப் பல நாள் சென்ற பின்னும் பலகையை விட்டுப் போவதில்லை. இரண்டும் வெள்ளைப் பொடிதான். ஆனால் ஒன்று வெறும் பொடி. மற்றதில் சிறிது பசையும் கலந்திருக்கிறது.

மரப்பலகையில் குழந்தைகள் சுண்ணக்கட்டியால் வரைகின்ற சித்திரத்தை அழியாமல் காக்க முடியுமா, முடியுமானால் எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். மாணவர்களாகிய உங்களிடம் இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஒரு நல்ல சித்திரத்தை என் கையாலேயே கெடுத்தவன் நான். அதுவே என் தகுதி.

1970-களின் பிற்பகுதியில் தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் சித்திர ஆசிரியனாக இருந்தேன். புதிய துறைமுகம் 1974 ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, பெரிய கப்பல்கள் அங்கே கட்டத் தொடங்கிவிட்டன. ஆயினும் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் பாய் விரித்துக் கடல் கடந்துகொண்டுதான் இருந்தன. தோணியின் தலைவனைத் தண்டல் என்றும், தோணி கட்டும் தச்சரை ஓடாவி என்றும் இந்தக் கரையில் வழங்குவர். எனக்குப் பழக்கமான முதிய ஓடாவி ஒருவர், பிரித்துப்போட்ட பழைய தோணியிலிருந்து அகன்ற பலகை ஒன்றை எடுத்து இழைத்துக் கொடுத்தார். கடற்புழு குடைந்த துளைகள் அதில் நாலைந்து இருந்தன. பள்ளித் தாழ்வாரத்தில் அதைச் சாய்த்துவைத்துப் பிள்ளைகளை வரையவிட்டேன்.

ஏழாம் வகுப்பில் படித்த தண்டல் மகன் ஒருவன் ஒரு நாள் மாலையில் தன் தந்தையின் தோணியை அதில் வரைந்தான். அரை மணி நேரத்தில் வரைந்து முடித்தான். புழுத்துளைகள் இரண்டைத் தோணியின் கண்களாக அணியத்தில் அமைத்துக்கொண்டான். பாய்கள் காற்றை வாங்கிப் புடைத்து நின்றன. அளவும் ஒழுங்கும் நான் கற்பித்தவை அல்ல. ஆனால் கடலில் போகும் தோணியை நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு உயிரோடு பலகையில் கண்டதில்லை. அந்த ஆண்டோடு அவன் பள்ளியை விட்டு நின்றுவிடப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். சித்திரத்தையாவது நிறுத்திவைப்போம் என்று எண்ணினேன்.

கதவுக்குப் பூசியது போக மிச்சமிருந்த வார்னிஷ் ஒரு டப்பாவில் இருந்தது. தூரிகையை அதில் தோய்த்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேலிருந்து கீழாக ஒரே சீராகப் பூசினேன். நான் பூசப்பூச வெள்ளைக்கோடுகள் மரத்துக்குள் அமிழ்ந்தன. புடைத்து நின்ற பாய்கள் முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போயின. பையன் அழவில்லை. "சார், பாயெல்லாம் இறங்கிட்டே!" என்றான். மறுநாள் ஓடாவி வந்து பார்த்தார். "மரத்தை நல்லாக் காப்பாத்திட்டிய, படத்தைத்தான் விட்டுட்டிய" என்றார்.

அங்கே நடந்தது என்ன? பொடி எங்கும் போய்விடவில்லை. தூரிகை சிறிது பொடியை வாரிக்கொண்டு போயிருக்கலாம். பெரும்பகுதி வார்னிஷின் அடியில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயினும் அது வெண்மையாக இல்லை. இதை நீங்கள் நாள்தோறும் வகுப்பில் பார்க்கிறீர்கள். ஈரத் துணியால் கரும்பலகையைத் துடைத்தவுடன் பலகை கருகருவென்று தூய்மையாகத் தோன்றும். ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஈரம் உலர்ந்ததும் வெள்ளைப் படலம் மீண்டும் வந்து நிற்கும். துடைத்தவன் சோம்பேறி என்று ஆசிரியர் கடிந்துகொள்வார். பழி முழுவதும் அவனுடையது அன்று.

சுண்ணக்கட்டியின் ஒவ்வொரு துகளும், தனியே எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய கண்ணாடித்துண்டு போன்றது, நிறமற்றது. துகளுக்கும் துகளுக்கும் இடையே காற்று இருக்கிறது. ஒளிக்கதிர் காற்றிலிருந்து துகளுக்குள் புகும்போதும், துகளிலிருந்து காற்றுக்கு வெளிவரும்போதும் வளைகிறது. ஒரு பகுதி திரும்புகிறது. இவ்வாறு ஆயிரமாயிரம் முறை வளைந்தும் திரும்பியும் சிதறிய ஒளியையே நம் கண் வெண்மை என்று காண்கிறது. தூளாக்கிய கண்ணாடியும், உப்பும், சர்க்கரையும், கடல் நுரையும் வெண்மையாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் குறிப்பது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது ஏறக்குறைய 1, தண்ணீருக்கு 1.33, நாம் எழுதும் சுண்ணக்கட்டியின் மூலப்பொருளுக்கு 1.52. எனவே துகளுக்கும் காற்றுக்கும் வேற்றுமை மிகுதி; ஒளி சிதறுகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வேற்றுமை குறைகிறது, வெண்மை மங்குகிறது. ஆளிவிதை எண்ணெய் கலந்த வார்னிஷுக்கும், அரக்குக்கும் இந்த எண் ஏறக்குறைய 1.5. அது புகுந்தால் துகள் எது, வார்னிஷ் எது என்று ஒளிக்கே வேறுபாடு தெரிவதில்லை. நேரே ஊடுருவிச் சென்று அடியிலுள்ள மரத்தைக் காட்டிவிடுகிறது. தண்ணீர் உலர்ந்து போய்விடும். ஆகையால் கரும்பலகையின் வெண்மை திரும்பி வருகிறது. வார்னிஷ் அங்கேயே இறுகிவிடும். ஆகையால் பாய்கள் திரும்பி ஏறவில்லை. காப்பதற்கென்று நான் பூசியது, அந்த வெண்மைக்கு உயிராக இருந்த காற்றை வெளியேற்றிவிட்டது.

நிறச் சுண்ணக்கட்டியால் வரைந்த சித்திரம் இவ்வாறு அடியோடு மறைவதில்லை. அதில் கலந்த சாயம் நிற்கும். ஆனால் நிறம் கறுக்கும்; இளஞ்சிவப்பு செங்கல் நிறமாகும். சில சாயங்கள் ஸ்பிரிட் பட்டால் கசிந்து பரவும்.

சுண்ணக்கட்டி என்று பெயர் இருந்தாலும், நம் பள்ளிகளில் பெரும்பாலும் வழங்குவது சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தது அன்று, அது ஜிப்சம். ஜிப்சத்தை ஏறக்குறைய 150 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள நீரில் பெரும்பகுதி வெளியேறி, பாரீஸ் சாந்து எனப்படும் மாவாகிறது. அதில் நீர் சேர்த்து அச்சில் ஊற்றினால் மீண்டும் ஜிப்சமாக இறுகிக் கட்டியாகிறது. இந்த ஜிப்சம் தூத்துக்குடி உப்பளங்களிலும் கிடைக்கிறது. பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் வற்றும்போது, உப்பு பூப்பதற்கு முன்னரே ஜிப்சம் பிரிந்து அடியில் படிகிறது. இங்கிலாந்தின் தென்கரையில் வெண்பாறையாக நிற்கும் இயற்கைச் சுண்ணக்கல்லோ, கால்சியம் கார்பனேட் என்னும் வேறு பொருள். உங்கள் கையிலுள்ள கட்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய வேண்டுமானால், அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட், நுரைக்காவிட்டால் ஜிப்சம்.

கார்பனேட் என்றவுடன் இந்தக் கடற்கரையில் பிறந்தவனுக்கு முத்து நினைவுக்கு வராமல் இராது. கொற்கை முத்தின் புகழைப் பற்றி இலக்கிய ஆசிரியர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 1955 முதல் 1961 வரையில் நடந்த முத்துக்குளிப்பே இந்தப் பகுதியில் கடைசியாக நடந்தது. பின்னர் 1973 இல், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சுவாமி, இக்கரையிலேயே முத்துச்சிப்பிக்குள் உருமணியை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார். அந்த முத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட்தான். சுண்ணக்கல்லும் அதுவே. ஒன்று விரல் பட்டால் உதிர்கிறது. மற்றொன்று தலைமுறை தலைமுறையாக மாலையில் நிற்கிறது. சிப்பி செய்யும் வேலை என்ன? ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறத்தாழ 2000 அடுக்குகள் அமையும்படி மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே தன் உடலிலிருந்து சுரக்கும் புரதப் பசையை மிக மிகச் சிறிதளவு பூசுகிறது. பசை சிறிது, பூசும் தடவை பல. வார்னிஷ் டப்பாவோடு நான் செய்ததற்கு இது நேர்மாறு.

சுண்ணச் சித்திரத்தை நிறுத்தும் முறையும் இதிலேயே அடங்கியிருக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களிலும், மரத்தைத் தொடும் இடங்களிலும் மட்டும் பசை பிடிக்க வேண்டும். இடைவெளியிலுள்ள காற்று அப்படியே இருக்க வேண்டும். ஆகவே பசை மிக நீர்த்திருக்க வேண்டும். தூரிகையால் அன்றிப் பனிபோலத் தெளித்தே சேர்க்க வேண்டும். ஒரு முறை தெளித்தது நன்றாக உலர்ந்த பின்னரே மறுமுறை தெளிக்க வேண்டும். ஓவியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டது அரக்குக் கரைசல். நூறு பங்கு ஸ்பிரிட்டில் இரண்டு பங்கு வெள்ளை அரக்கு போதும். வெளுக்காத அரக்கானால் சித்திரம் முழுவதும் செம்மஞ்சள் ஏறிவிடும். அரக்கு நம் நாட்டுப் பொருள். பூச்சியின் சுரப்பிலிருந்து கிடைப்பது. அதை ஆராய்வதற்கென்றே ராஞ்சியை அடுத்த நாம்குமில் 1924 ஆம் ஆண்டில் ஒரு நிலையம் தோன்றியது. இன்று கடைகளில் அக்ரிலிக் பிசின் அடைத்த தெளிப்பு டப்பாக்கள் கிடைக்கின்றன. அவையும் நல்லவையே, ஆனால் அவற்றின் ஒளிவிலகல் எண்ணும் 1.5-க்கு அருகில்தான். கனமாகத் தெளித்தால் பாய் இறங்கிவிடும்.

ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதன் ஆவி உடலுக்கு ஆகாது. பெரியவர் ஒருவர் உடனிருக்க, திறந்த வெளியில்தான் அதைக் கையாள வேண்டும். இத்தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்குப் பால் இருக்கிறது. ஆடை முழுவதும் நீக்கிய பாலில் பங்குக்குப் பங்கு தண்ணீர் சேர்த்து, மெல்லிய தெளிப்பானால் தெளிக்கலாம். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் பசையாக நிற்கும். ஓவியர் வான்கோ தம் பென்சில் சித்திரங்கள் கலையாமலிருக்கப் பாலையே பயன்படுத்தினார். சிப்பி பயன்படுத்துவதும் புரதம்தானே! கொழுப்பு மட்டும் இருக்கக்கூடாது. நாளடைவில் அது சிக்கு நாற்றமெடுத்து மஞ்சளிக்கும். சிலர் சுண்ணக்கட்டியைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து வரையச் சொல்வார்கள். கோடு பளிச்சென்று விழும், உலர்ந்த பின் உதிரவும் செய்யாது என்பது உண்மை. ஆனால் மறுநாள் காலையில் எறும்புகள் அந்தக் கோட்டின் வழியே ஊர்வலம் போவதை நான் கண்டிருக்கிறேன்.

பலகையையும் ஆயத்தம் செய்ய வேண்டும். எண்ணெய் ஊறிய மரத்தில் பொடி பிடிக்காது. மழமழப்பான மரத்திலும் பிடிக்காது. நாட்டுப்புறப் பள்ளிகளில் அடுப்புக்கரியைக் கோவை இலையோடு சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் தேய்ப்பது வழக்கமாக இருந்தது. அதைக் கறுப்பேற்றும் வேலை என்று மட்டும் எண்ணியிருந்தேன். கரித்தூள் பலகையில் படிந்து நுண்ணிய சொரசொரப்பை உண்டாக்க, இலைச்சாறு அதைப் பிடித்து நிறுத்துகிறது. சுண்ணக்கட்டிக்கு அதுவே பிடிமானம் ஆகிறது. பசையின் வேலையைப் பாட்டனார் காலத்துப் பிள்ளைகள் அறிந்தே செய்திருக்கிறார்கள்.

மரம் உயிர் நீத்த பின்னும் அசையும் பொருள் என்பதை மறக்கக்கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத்தை உறிஞ்சிப் பலகை அகலவாட்டில் விரியும், கோடையில் சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. கனமான படலம் இந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். பலகையின் பின்புறத்துக்கும் ஒரு பூச்சுக் கொடுத்தால் ஒரே பக்கமாக வளைவது குறையும். தூத்துக்குடியில் மற்றொரு தொல்லையும் உண்டு. காற்றில் வரும் உப்பு பலகையில் படிந்து, இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே வரைவதற்கு முன் பலகையை நல்ல தண்ணீரால் துடைத்து வெயிலில் உலர்த்துவது நலம். அரக்கைத் தெளிப்பதானால் மழைநாள் ஆகாது. ஈரக்காற்றில் உலர்ந்த அரக்கு பால்போல் வெளுத்துவிடும். கோடைக் காலத்துக் காலைப் பொழுதே நன்று.

வெண்மை மங்காமல் வார்னிஷும் பூசியாக வேண்டுமென்றால், டைட்டானியம் வெள்ளை என்று ஒன்று உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டு போன்ற கனிமத்திலிருந்து அது எடுக்கப்படுகிறது. அதன் ஒளிவிலகல் எண் 2.5-க்கும் மேல், எந்த வார்னிஷிலும் அது மறையாது. மங்கிய கோட்டின்மேல் அதைக் கொண்டு மறுபடி எழுதிவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தையின் கோட்டின்மேல் நம் கோட்டை இழுத்தபின் அது யார் சித்திரம்?

தொடாமல் விடுவதும் ஒரு காப்புத்தான். அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்து எமர்சன் உயர்நிலைப் பள்ளியில் 2015 ஜூன் மாதத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. சுவரிலிருந்த பலகைகளை அகற்றியபோது, அவற்றின் பின்னே பழைய கற்பலகைகள் வெளிப்பட்டன. அவற்றில் 1917 ஆம் ஆண்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதிய பாடங்களும், நிறச் சுண்ணக்கட்டியால் வரைந்த சித்திரங்களும், அந்த ஆண்டு டிசம்பர் மாத நாள்காட்டியும் அப்படியே இருந்தன. அரக்கும் இல்லை, பாலும் இல்லை. தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் ஒரு கையும் படவில்லை, காற்றும் அலைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே மிக அருமையான சித்திரமானால் நான் எதையும் தெளிக்கமாட்டேன். பலகையின் ஓரங்களில் மெல்லிய மரச்சட்டம் வைத்து, கோட்டைத் தொடாதபடி அதன்மேல் கண்ணாடி பொருத்துவேன். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு வைக்கலாகாது. துணியால் துடைத்த பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி, சீப்பு காகிதத்துணுக்கை இழுப்பதுபோல் சுண்ணத்தூளைப் பலகையிலிருந்து இழுத்துவிடும். எம்முறையைக் கையாள்வதானாலும் அதற்குமுன் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். இன்று அது எவ்வளவு எளிது! அன்று எனக்கு அதுவும் தோன்றவில்லை.

வார்னிஷ் பூசிய மறுவாரம் ஓடாவி இன்னொரு பலகை தந்தார். அந்தப் பையனையே மீண்டும் வரையச் சொன்னேன். வரைந்தான். இம்முறை நீர்த்த பாலை நான்கு நாள், நாளைக்கு ஒரு முறை தெளித்தேன். கோடு சற்று மங்கியதே தவிர மறையவில்லை. விரலால் தடவினாலும் ஒட்டவில்லை. பள்ளித் தாழ்வாரத்தில் அது பல ஆண்டுகள் தொங்கியது. ஆனால் அது வேறு தோணி. நிறுத்திவைக்கப் போகிறார்கள் என்று தெரிந்து வரைந்த தோணி. அளவுகோல் வைத்துப் பாய்மரம் நிறுத்தியிருந்தான், கயிறுகள் எல்லாம் சரியாக இருந்தன, காற்றுத்தான் இல்லை.

முதற்பலகையை எறிய மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறைச் சுவரில் சாய்த்துவைத்தேன். வார்னிஷ் நாளடைவில் மஞ்சளித்துவிட்டது. நேரே நின்று பார்த்தால் பழைய பலகைதான். ஆனால் மேற்குச் சாளரத்தின் வழியே மாலை வெயில் சாய்ந்து விழும்போது, அடியில் கிடக்கும் பொடியின் மேடு நிழல் வீசும். அப்போது ஒரு பத்து நிமிடம் கோடுகள் தெரியும்.

பல ஆண்டுகள் கழித்து அந்தப் பையன் என்னைப் பார்க்க வந்தான். எந்திரம் பூட்டிய தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தண்டலாகியிருந்தான். வெயில் சாயும்வரை அவனை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். பலகையில் ஒளி விழுந்ததும் எழுந்துபோய்க் குனிந்து, விரல் படாமல் ஒவ்வொன்றாக எண்ணினான். "ஒரு பாய் குறையுதே, சார்" என்றான். அன்று அவன்தான் வரையாமல் விட்டானா, என் தூரிகை வாரிக்கொண்டு போயிற்றா என்பது இருவருக்கும் நினைவில்லை.